அவசரமில்லை என்ற நிரல்

"நான் பார்க்கும்போதெல்லாம் சரியாத்தான் ஓடுது மேடம்" என்றான் இருதயராஜ்.

"பார்க்காதபோது?" என்று கேட்டார் தில்லைநாயகி.

"பார்க்காம எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவர் மேசைமேல் இருந்த பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கினார். சுருட்டினார். இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

இருதயராஜுக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பதைத் தாண்டியபின் ஒருவரிடம் சீடனாக இருப்பது லேசில்லை. குரு தன்னைவிட இளையவர் என்றால் இன்னும் கஷ்டம்.

வயர் இல்லாமல் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? வாய்க்குள் முனகிக்கொண்டே தன் இடத்துக்குப் போனான்.

அது கடற்கரை ஊர் ஒன்றில், ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்த சின்ன நிறுவனம். மீன்பிடிப் படகுகளுக்காக அங்கே ஒரு பெட்டி செய்தார்கள். ஆபத்து வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். படகு இருக்கும் இடத்தை அது வானத்து வழியாகக் கரைக்குச் சொல்லும்.

பழைய பெட்டியில் ஒரே ஒரு குறை. படகு பத்து நாள் கடலில் கிடக்கும். பேட்டரி மூன்றாம் நாளே செத்துவிடும்.

"இதை எப்படி மேடம் சாகாம வச்சுக்கிறது?" என்று போன வருடம் அவரிடம்தான் கேட்டான்.

"தூங்க விடுங்க" என்றார் அவர்.

பெட்டிக்குள் ஒரு பிராசஸர். அதில் ஓடுவதற்கு ஐந்தாறு நிரல்கள். எது எப்போது ஓடலாம் என்று வரிசை போடுவது கெர்னல் என்ற அடித்தள நிரலுக்குள் இருக்கும் ஷெட்யூலர். அதை எழுதுவது இருதயராஜின் வேலை.

ஒவ்வொரு நிரலும் தனக்குத் தோன்றிய நேரத்தில் பிராசஸரை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தது. செய்யும் வேலைக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான். எழுந்து உட்காருவதற்கே பேட்டரி கரைந்தது.

"யாரெல்லாம் காத்திருக்க முடியும்னு கேட்டுப் பாருங்க" என்றார் தில்லைநாயகி.

கேட்டான்.

"காத்திருக்கவா? என் ரேடியோ காத்திருந்தா கடல்ல ஆளே போயிடும் சார். விளையாடறீங்களா?" என்றார் கோமதிநாயகம்.

"புயல் வாசல்ல நின்னு, உங்க பிராசஸர் எழுந்திருச்சதுக்கு அப்புறம் வரட்டுமான்னு கேட்குமா அண்ணா?" என்றாள் வானிலை நிரல் எழுதிய ஷகிலா.

பச்சை விளக்கை மினுக்கும் நிரலை எழுதியவன்கூட விடவில்லை. "விளக்கு அணைஞ்சா பெட்டி செத்துப்போச்சுன்னு கடல்ல தூக்கிப் போட்டுருவாங்க. என்னோடதும் அவசரம்தான் சார். சின்ன அவசரம்."

எல்லாருக்கும் அவசரம். சுற்றி அலைந்து, கடைசியாகத் தில்லைநாயகியின் முன்னால் வந்து நின்றான். படகு இருக்கும் இடத்தை அவ்வப்போது எடுத்துக் குறித்துவைக்கும் நிரல் அவர் எழுதியது.

அவர் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார்.

"என்னோடது காத்திருக்கும். அதுக்காகத் தனியா எழுப்ப வேண்டாம். வேற யாராவது எழுப்பினா, அவங்களோட சேர்ந்து ஓடிக்கட்டும்."

இருதயராஜ் அப்படியே எழுதினான்.

பிறகு மற்றவர்களோடு மல்லுக்கட்டினான். ரேடியோ, பொத்தான் அழுத்தப்பட்டால் மட்டும் எழுப்பட்டும் என்று கோமதிநாயகத்தைச் சம்மதிக்க வைத்தான். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் எழுப்பட்டும் என்று ஷகிலாவிடம் பேசி முடித்தான். விளக்கை மினுக்கும் வேலையை ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு குட்டிச் சில்லிடம் ஒப்படைத்தான். ஒவ்வொரு சத்தமாக அடங்கியது.

கடைசியில் பிராசஸர் குழந்தை மாதிரி தூங்கியது. பேட்டரி பத்து நாளையும் தாண்டி நின்றது.

முதலாளி லட்டு வாங்கிக் கொடுத்தார். இருதயராஜ் இரண்டு தின்றான்.

புதிய பெட்டிகள் கடலுக்குப் போயின.

நாலாம் நாள் லூர்துவின் படகில் பலகை விட்டுத் தண்ணீர் ஏறியது. படகில் இருந்தது லூர்துவும் அவன் மச்சான் சிலுவையும். பொத்தானை அழுத்தினார்கள். பெட்டி விழித்து, தன்னிடம் இருந்த இடத்தை உடனே கரைக்குச் சொன்னது. புதிதாக ஒரு தரம் இடத்தை எடுத்து அடுத்த செய்தியை அனுப்புவதற்குள் படகு கவிழ்ந்தது. பெட்டியும் அதோடு போய்விட்டது.

கரைக்கு வந்து சேர்ந்த இடம், துறைமுகத்தின் வாய். முதல் நாள் காலையில் பெட்டியின் சுவிட்சைப் போட்ட இடம்.

தேடப் போனவர்கள் அங்கேதான் தேடினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் கலங்கரை விளக்கம் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, வழியே போன ஒரு விசைப்படகு லூர்துவைத் தூக்கியது. அவனை மட்டும்.

அன்றிலிருந்து இருதயராஜ் பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தான். எந்த நிரலும் நின்றுபோகவில்லை. எந்தப் பிழையும் பதிவாகவில்லை. பெட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வயரைச் சொருகி, எதிரே உட்கார்ந்து பார்ப்பான். இடத்தைச் சரியாக எடுத்துச் சொல்லும். ஐஸ் கம்பெனி மாடி, ஐஸ் கம்பெனி மாடி, ஐஸ் கம்பெனி மாடி. அப்படிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன ஒருநாள்தான் தில்லைநாயகி வயரைப் பிடுங்கி வைத்தார்.

ஒருநாள் லூர்துவே படியேறி வந்தான். உதடு இன்னும் வெடித்திருந்தது.

இருதயராஜ் எழுந்து நின்றான். அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான்.

"எனக்கு இன்னொரு பெட்டி வேணும்ணே" என்றான் லூர்து. "தேர் முடிஞ்ச மறுநாளு எல்லாரும் இறங்குதாங்க. நானும் தம்பி படகுல போறேன்."

"இந்தப் பெட்டியா லூர்து?"

"பின்ன? பழசா இருந்தா அன்னைக்கு அது செத்த பொணம்லா. இது பச்சையா மினுக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. அமுக்கினதும் 'போயிருச்சு'ன்னு காட்டிச்சு. நானும் மச்சானும் சிரிச்சோம்ணே. தண்ணிக்குள்ள கெடந்தும் சிரிச்சோம். இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். நம்பிக்கைதான அவனை ஒரு நாளு முழுக்கப் பிடிச்சு வச்சிருந்துச்சு."

இருதயராஜ் உட்கார்ந்துவிட்டான்.

"உங்க மேல ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லிவிட்டு, லூர்து முதலாளியைப் பார்க்கப் போனான்.

முதலாளியிடம் இருதயராஜும் போனான். பெட்டிகளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றான்.

"என்ன தப்புன்னு சொல்லு, வாங்கிடறேன்" என்றார் அவர். "தப்பே தெரியாம, மூணு நாள்ல சாகிற பழைய பெட்டியக் கையில கொடுத்து அனுப்பச் சொல்றியா?"

அவன் திரும்பி வந்து மறுபடி ஒரு பெட்டியைப் பிரித்தான்.

தேர் நாளும் வந்தது. ஊரே கோயில் தெருவில் இருந்தது. விடிந்தால் படகுகள் இறங்கும். இருதயராஜ் மட்டும் மாடிக்கு வந்தான். தில்லைநாயகியின் அறையில் விளக்கு எரிந்தது.

கதவைத் தட்டினான்.

"என்ன ராஜ்?"

"உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேட்கணும் மேடம்."

"அவசரமா?"

மேலே இருப்பவர்கள் அப்படிக் கேட்டால் எல்லாரும் என்ன சொல்வார்களோ அதைத்தான் அவனும் சொன்னான்.

"இல்ல மேடம். நீங்க உங்க வேலைய முடிங்க. மெதுவாப் பேசலாம்."

தில்லைநாயகி தலையசைத்தார். "அப்படின்னா வெளிய உட்காருங்க. வேற யாராவது என்னைப் பார்க்க வருவாங்க. அவங்களோட சேர்ந்து நீங்களும் உள்ள வாங்க."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மற்ற நாளாக இருந்தால் அந்தக் கதவுக்கு ஓய்வே கிடையாது. கையெழுத்துக்கு ஒருவர், சண்டையோடு ஒருவர், டீயோடு ஒருவர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அன்று யாரும் வரவில்லை.

தூரத்தில் பேண்டு வாசித்தார்கள். வேட்டு வெடித்தது. தேர் நிலையை விட்டுக் கிளம்பிவிட்டது போலிருந்தது.

உள்ளே அவர் ஏதோ எழுதும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

வெயில் படிக்கட்டில் ஏறி, சுவரில் ஏறி, மறைந்தது. அவனுக்குப் பசித்தது. தட்டலாமா என்று இரண்டு தடவை எழுந்தான். அவசரமில்லை என்று தானே சொல்லிவிட்டு இப்போது போய்த் தட்டுவது நன்றாக இருக்குமா? உட்கார்ந்துகொண்டான்.

கூப்பிட மறந்துவிட்டாரோ என்று நினைத்தான். மறப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் யாரையும் விரட்டவில்லை. கதவைப் பூட்டவும் இல்லை. வேறு ஒருவர் வந்திருந்தால் அவன் எப்போதோ உள்ளே போயிருப்பான்.

யாரும் வரவில்லை. அவ்வளவுதான்.

பேண்டுச் சத்தம் திடீரென்று நின்றது. அந்த அமைதியில் இருதயராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கோமதிநாயகத்தின் வாயை அடைத்தது அவன். ஷகிலாவின் வாயை அடைத்தது அவன். பச்சை விளக்கையும் ஒதுக்கி வைத்தது அவன். நடுக்கடலில், நாள் முழுக்க, பிராசஸரை எழுப்ப ஓர் ஆளையும் அவன் மிச்சம் வைக்கவில்லை. எவரோடாவது சேர்ந்து ஓடிக்கொள்வதாகச் சொன்ன நிரல், துறைமுகத்தின் வாயில் ஒருமுறை ஓடிவிட்டு, அடுத்த ஆளுக்காக உட்கார்ந்தே இருந்திருக்கிறது.

அது நிற்கவில்லை. பிழை செய்யவும் இல்லை.

மாடியில்? மாடியில் வயர் இருந்தது. பார்ப்பதற்காக அவன் சொருகிய ஒவ்வொரு தடவையும் அந்த வயரே பிராசஸரை எழுப்பியது. எழுந்தவுடன் அந்த நிரலும் கூடவே எழுந்து, இடத்தை எடுத்துக் காட்டியது. அவன் பார்த்த அத்தனை தடவையும், எழுப்ப வந்த அந்த வேறு ஆள் அவனேதான்.

கதவு திறந்தது. தில்லைநாயகி கையில் பையோடு நின்றார்.

"இன்னும் இங்கேயா இருக்கீங்க?"

"நீங்க கூப்பிடல மேடம்."

"நீங்கதான் அவசரமில்லைன்னு சொன்னீங்க."

இருதயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான்.

"நேத்து சாயங்காலம் நீங்க எழுதின நிரலைப் படிச்சேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"வாய்விட்டுச் சொல்ல வரல" என்றார். "பெட்டிய ஒண்ணுவிடாம இறக்கிவைக்கச் சொல்லி முதலாளிக்குக் காலையிலேயே போன் பண்ணிட்டேன். தப்பு என்னன்னும் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காத்திருக்கிறதுக்கு ஒரு எல்லை வைக்கிறேன் மேடம். எல்லை தாண்டிட்டா, யார் எழுப்பினாலும் எழுப்பாட்டாலும் அதுவே எழுப்பிக்கட்டும். ராத்திரிக்குள்ள மாத்தி ஏத்திடலாம். காலையில படகுக்குக் கொடுத்துடலாம்."

"பேட்டரி?"

"பத்து நாள் நிக்காது. ஆறோ ஏழோதான்."

"ஆறாம் நாள் கரைக்கு வரச் சொல்லுவோம்."

அவன் எழுந்து விளக்கைப் போட்டான். இரண்டு அடி நடந்தவன் நின்றான். கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தான். கேட்டுவிட்டான்.

"மேடம். ரேடியோ, விளக்கு, வானிலை எதுவா இருந்தாலும் சரி. ஆள் எங்க இருக்கான்னு தெரியலன்னா அந்தப் பெட்டியே வீண். எனக்குத்தான் புத்தி இல்ல. உங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கு ஏன் காத்திருக்கும்னு சொன்னீங்க?"

தில்லைநாயகி பையை நாற்காலியில் வைத்தார். தேர்த் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எல்லார்கிட்டயும் போய்க் கேட்டுட்டு, கடைசியா என்கிட்ட வந்து நின்னீங்க ராஜ். முகம் வாடிப் போயிருந்துச்சு. நானும் முடியாதுன்னு சொல்ல மனசு வரல."