பெட்டிக்கு நேர் கீழே

“இந்த மலை என்னை ஏமாத்துது மேடம்” என்றார் ஆசீர்வாதம்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இயற்பியல் வாத்தியார் வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி சபுரா பேகம் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பதினொரு நாள்.

மலையில் மூடிக்கிடந்த தபால் நிலையத்தின் பின்னறை. சிமெண்டுத் தளத்தில் திருகி வைத்த ஒரு பெட்டி. அதுதான் நில அதிர்வை அளக்கும் கருவி.

எங்கோ தொலைதேசத்தில் நிலம் நடுங்கினால், அந்த அலை பூமிக்குள் ஆழமாகப் போய், இந்த மலைக்கு அடியிலிருந்து ஏறி வரும். பூமியின் மேலோட்டுக்குள் நுழையும் இடத்தில் அதில் ஒரு பங்கு வேறு அலையாக மாறி, சற்றுப் பிந்தி வந்து சேரும். எத்தனை நொடி பிந்துகிறது என்று பார்த்தால் மேலோட்டின் கனம் தெரிந்துவிடும்.

அப்படி நம்பித்தான் இரண்டு வருஷம் அந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தார்.

“கிழக்கே ஜப்பான்ல நடுங்கினா நாற்பத்தொரு கிலோமீட்டர்னு வருது. மேற்கே துருக்கில நடுங்கினா நாற்பத்தேழு. ஒரே மலை, ஒரே பெட்டி. எது நிஜம்?”

“ரெண்டும்.”

“அதெப்படி மேடம் ரெண்டும்?”

சபுரா பெட்டியின் பக்கம் குனிந்து பார்த்தார்.

“எனக்குப் புரியல. அதனால நடுவுல நாற்பத்துநாலுன்னு எழுதிட்டேன்.” கையெழுத்துக்கான தாளை நீட்டினார்.

சபுரா பேனாவைத் திறந்தார். “போடறேன் சார். நாற்பத்துநாலு எந்த இடத்துல?”

“இங்கேதான். பெட்டிக்கு நேர் கீழே.”

“எந்த அலை வந்து சொல்லிச்சு?”



சபுரா தரையில் உட்கார்ந்து தூசியில் விரலால் ஒரு சதுரம் வரைந்தார். அதுதான் பெட்டி. வெகு கீழே மேலோட்டின் அடிவிளிம்பாக ஒரு கோடு. கிழக்கிலிருந்து ஓர் அலை சாய்வாக ஏறிப் பெட்டியைத் தொட்டது. மேற்கிலிருந்து இன்னொன்று. இரண்டும் அடிக்கோட்டை வெட்டிய இடங்களில் ஒவ்வொரு புள்ளி வைத்தார். புள்ளிகள் தள்ளித் தள்ளி நின்றன.

“பெட்டிக்கு நேர் கீழே நீங்க ஒண்ணு வையுங்க.”

ஆசீர்வாதம் விரலை நீட்டினார். அங்கே அடிக்கோட்டை எந்த அலையும் வெட்டவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது.

“அப்போ என் காலுக்கு அடியில?”

“தெரியாது.”

“ரெண்டு வருஷமா இது மேலதானே உட்கார்ந்திருக்கேன்.”

“ஆமா.”

ஊரில் அவர் மனைவி எஸ்தர் பட்டமளிப்புக்குப் புடவை எடுத்து வைத்திருந்தாள்.

“நாற்பத்துநாலுன்னே விட்டா யாருக்கு மேடம் தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாது சார்.”

சபுரா பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

ஆசீர்வாதம் தூசியில் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைக் காட்டினார். “இந்த இடத்தைப் பார்க்கணும்னா பெட்டி எங்க இருக்கணும்?”

சபுரா ஜன்னலுக்கு வெளியே கிழக்கு மலையைக் காட்டினார். “துருக்கி அலை அதுக்குச் சாய்வா ஏறுறப்போ, நமக்கு நேர் கீழேதான் நுழையும்.”

“இன்னும் ரெண்டு வருஷம்.”

“ஆகும்.”

ஆசீர்வாதம் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து, பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் திருகில் கை நின்றது.

“அங்கே கொண்டு வெச்சபிறகு, அந்த இடத்துக்கு நேர் கீழே?”

சபுரா பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

“தூக்குங்க சார்.”