வால் வருதா?

குலசேகரனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் சைக்கிள் பழகப் போனார். அங்கே பயிற்சி கொடுத்தவர் ஜெபராணி. அவரை இவர் "மாஸ்டர்" என்பார். அவர் இவரை "சார்" என்பார். யாருக்கு யார் பாடம் சொல்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குக் குழம்பும். அவர்கள் இருவருக்கும் குழப்பமில்லை.

ஏழை நோயாளிகளின் டயாலிசிஸ் செலவுக்குப் பணம் திரட்ட, மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆண்டுதோறும் ஒரு கூட்டம் சைக்கிளில் போகும். கடைசி நாள், சூரியன் இறங்கும் நேரத்தில் எல்லோரும் கடலோரம் நிற்பார்கள். யாருக்காக வந்தார்களோ அவர்கள் பெயரை ஒவ்வொருவராகக் கடலைப் பார்த்து உரக்கக் கூப்பிடுவார்கள். பிறகு கலைந்து ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

அந்தக் கடைசி நாள் காலையில், நாங்குநேரி டீக்கடையில் குலசேகரன் கேட்டார்.

"மாஸ்டர், கடலைப் பாத்துக் கூப்பிட்டா அவளுக்குக் கேக்குமா?"

"யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு."

"உயிரோட இருக்கையில பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

குலசேகரன் டம்ளரையே பார்த்தார்.

"இல்ல மாஸ்டர். கல்யாணமான நாள்லருந்து 'ஏய்', 'இந்தா', அவ்வளவுதான். ரோட்டுல நான் முன்னால போவேன். அவ பின்னால வருவா. வந்துருவாங்கிற தைரியத்துல திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில கடைசியா ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும்னு வாயெடுத்தேன். நர்ஸம்மா பக்கத்துல நின்னாங்க. வெக்கமாப் போச்சு."

ஜெபராணி, "டயர்ல காத்து இருக்கான்னு பாத்துக்கிடுங்க சார்" என்று எழுந்துவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாக வருகிறவருக்கு வால் என்று பெயர். யாரும் வாலுக்குப் பின்னால் தங்கிவிடக் கூடாது. வாலும் யாரையும் முந்தக் கூடாது. வாலுக்கு முன்னால் போகிறவருக்கு ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் "வால் வருதா?" என்று கூப்பிட வேண்டும். "வருது" என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் நின்றுவிட வேண்டும்.

அன்று வால் ஜெபராணி. கூட்டத்திலேயே மெதுவாக மிதிக்கிறவர் குலசேகரன். ஆகவே கூப்பிடும் கடமை அவருக்கு வந்தது.

ஊரைத் தாண்டியதும் குலசேகரனின் டயரில் கருவேல முள் குத்தியது. டியூபை மாற்றினார். இரண்டு கல் போவதற்குள் மறுபடி காற்று இறங்கியது. அவசரத்தில் டயருக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்க்கவில்லை. முள் உள்ளேயே இருந்திருக்கிறது.

"பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க மாஸ்டர், சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே."

வள்ளியூர் வருவதற்குள் செயின் அறுந்தது. அதைக் கோத்து முடிக்கையில் கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கிரீஸ். கூட்டம் எப்போதோ போய்விட்டது. துணைக்கு வந்த வேன் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க அண்ணாச்சி. பொழுது சாயறதுக்குள்ள கடல்ல எறக்கி விட்டுருதேன். அங்க போயிப் பேரைக் கூப்பிடுங்க, யாரு வேண்டாங்கா?" என்றார் டிரைவர்.

"வேண்டாம்ப்பா. அவளை வேன்லயும் ஆம்புலன்ஸ்லயும் ஏத்தி எறக்குனது போதும். இன்னிக்கு மிதிச்சேதான் போவேன்."

வேன் போய்விட்டது.

காவல்கிணறு தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றின. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அறுபத்திரண்டு வயது மனிதர் எம்மாத்திரம்? முழு பலத்தோடு மிதித்தாலும் சைக்கிள் நடக்கிற வேகத்தில்தான் நகர்ந்தது.

"வால் வருதா?"

பதில் காதில் விழவில்லை. நின்றார். ஜெபராணி வந்து சேர்ந்ததும் கிளம்பினார். அடுத்த கல்லிலும் அப்படியே ஆனது. அதற்கடுத்த கல்லிலும் நின்றார். ஒவ்வொரு முறையும் சூரியன் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அப்புறம் அவர் கூப்பிடவில்லை. மாஸ்டர் வந்துவிடுவார் என்ற தைரியம்.

கடல் அவரை இழுத்தது. அங்கே போய் நிற்க வேண்டும், வாய்விட்டு ஒரு தடவை கூப்பிட வேண்டும். வேறு எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. உதட்டுக்குள் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே மிதித்தார். இத்தனை வருஷம் சொல்லாத பெயர்.

சாலையோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவர், "இன்னும் கொஞ்சம்தான், இருட்டறதுக்குள்ள போயிரலாம்" என்றார். குலசேகரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை மாஸ்டரிடம் சொல்லத் திரும்பினார்.

சாலை காலியாக இருந்தது.

கொஞ்ச நேரம் நின்றார். முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். யாரும் வரவில்லை. முன்னால் போனால் கடல் கிடைக்கும். சூரியனும் இன்னும் மிச்சமிருந்தது.

அவர் சைக்கிளைத் திருப்பினார்.

இப்போது காற்று முதுகில் அடித்தது. சைக்கிள் பறந்தது. பகலெல்லாம் மூச்சு வாங்கிச் சேர்த்த தூரம் மளமளவென்று கையைவிட்டுப் போனது. ஒரு வளைவிலும் ஆள் இல்லை. ஒரு மரத்தடியிலும் ஆள் இல்லை. என்னவோ ஏதோ என்று தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

ஒரு பாலத்துச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஜெபராணி டியூப் மாற்றிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கூப்பிட்டீங்களா மாஸ்டர்?"

"கூப்பிட்டேன்."

"எனக்குக் கேக்கவே இல்ல."

"எதிர்க்காத்து சார். பின்னால இருக்கவங்க சத்தம் முன்னால போகாது."

குலசேகரன் பாலத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளும் இப்படித்தான் கூப்பிட்டிருப்பாளோ?"

ஜெபராணி சக்கரத்தை மாட்டி, காற்றடிக்கத் தொடங்கினார். சூரியன் மலைக்குப் பின்னால் போனது. குலசேகரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"இனிமே போய்ப் பிரயோசனமில்ல மாஸ்டர். எல்லாரும் கூப்பிட்டு முடிச்சுக் கலைஞ்சிருப்பாங்க. அவளை ஒரே ஒரு தடவை வாய்விட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன். அதுவும் இல்லாமப் போச்சு."

ஜெபராணி பம்பைக் கழற்றி வைத்தார்.

"நீங்க திரும்பி வாறது கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே உங்க சத்தம் காத்துல வந்துருச்சு சார். வழியெல்லாம் கூப்பிட்டுக்கிட்டே வந்தீங்க."

"கூப்பிடாம? உங்களைத் தேடித்தானே வந்தேன்!"

"என் பேரு செண்பகவல்லி இல்லையே, சார்."