பின்வாசல் மெஷின் சொன்ன தேங்க் யூ

மலையடிவாரத்தில் ஒரு கன்னியர் மடம். மடத்தை ஒட்டி ஓர் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம். வேலைக்கு வரும் தாய்மார்கள் கைக்குழந்தையை அங்கே தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

மடத்தின் தலைவி மதர் அமலோற்பவம். அவரிடம் ஞானம் கேட்டு வந்தவர் சிஸ்டர் செராபின். இதில் வேடிக்கை என்னவென்றால், சீடர்தான் வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவரும் அவர்தான். மதருக்கோ போனில் ஒரு போட்டோ அனுப்பக்கூட ஆள் வேண்டும்.

"படிப்புல டீச்சர், வயசுல அக்கா. என்கிட்ட என்ன சிஸ்டர் கத்துக்கப் போறீங்க?" என்று மதர் கேலி செய்வார்.

இருந்தும் ஞாயிறு பூசை முடிந்ததும் செராபின் ஒரு கேள்வியோடு வந்து நின்றுவிடுவார். அந்த ஞாயிறு அவர் கொண்டுவந்த கேள்வி இது.

"மதர், ஜெபம் பண்றோம். பதிலே வரமாட்டேங்குது. அது போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

மதர் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பின்வாசல் மெஷின் சரியாயிடுச்சா சிஸ்டர்?"

செராபினுக்குச் சுருக்கென்றது. மோட்சத்தைப் பற்றிக் கேட்டால் சுவரில் மாட்டிய மெஷினைப் பற்றிக் கேட்கிறாரே.

"இல்ல மதர்."

"அதை முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு மதர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அந்த மெஷின் வந்த கதை இதுதான். ஆஸ்பத்திரியில் முன்பெல்லாம் வருகைப் பதிவு கையெழுத்தில்தான். ஒருத்தி வந்து மூன்று பேருக்குச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டாள். சபையின் தலைமை இல்லத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இனி விரல்ரேகை மெஷின். மெஷினில் விழுந்தால்தான் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. யார் வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது.

முன்வாசலில் ஒன்று, பின்வாசலில் ஒன்று மாட்டினார்கள். விரலை வைத்தால் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "தேங்க் யூ" என்று சொல்லும். ரேகை பிடிபடாவிட்டால் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்று சொல்லும். வைத்த விரல் யாருடையது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வயர் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

பொறுப்பைச் செராபின் தலையில் கட்டியிருந்தார்கள். அவருக்கு உள்ளூர நடுக்கம். பாடம் நடத்துவது வேறு, நாலு பேர் பிழைப்பு தொங்கும் மெஷினைக் கட்டி மேய்ப்பது வேறு. மாட்டிய அன்று சாயங்காலமே மாதாவுக்கு வேண்டிக்கொண்டார்: "தாயே, இந்த மெஷின் ஒரு தொந்தரவும் இல்லாம ஓடணும்."

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதல் வைத்தவர் தோட்டத்துக் கெபியில், அதாவது கல்லால் கட்டிய சின்னக் குகையில், நிற்கும் மாதாவின் தலையைச் சுற்றியிருக்கும் விளக்கு வளையத்தை ஏற்றிவைப்பார். வேண்டுதல் பலிக்கும்வரை அதை அணைக்கக் கூடாது. செராபினும் ஏற்றிவைத்தார். விளக்கு இரவும் பகலும் எரிந்தது.

முன்வாசல் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்டது. பின்வாசல் மெஷினிலிருந்துதான் மறுநாள் முதல் ஒரு வரிகூட வரவில்லை.

பின்வாசல் வழியாக வருகிறவள் ஒரே ஒருத்தி. பவுனுத்தாய். புதிதாகச் சேர்ந்தவள். கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அங்கேயே விரலை வைத்துவிட்டு, மொட்டைமாடிச் சலவைக் கூடத்துக்கு ஏறிப் போய்விடுவாள். அங்கே அவள் ஒண்டிதான். அவளுக்கு மேலே இருக்கும் சிஸ்டர் தியானத்துக்குப் போயிருந்தார். ஆக, அவள் வந்ததற்குச் சாட்சி அந்த மெஷின் மட்டும்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று சிவப்பாக விழுந்துகொண்டே போனது.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை மாலை, திரிகால ஜெப மணி அடித்ததும், மாசக் கணக்கு தலைமை இல்லத்துக்குத் தானாகப் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவள் இத்தனை நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் தொட்டிலும் போய்விடும்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் செராபின் அவளைக் கூப்பிட்டு விட்டார். இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றாள்.

"பவுனு, உள்ளதைச் சொல்லு. தினமும் விரல் வச்சியா?"

"வச்சேன் சிஸ்டர். மாதா மேல சத்தியமா வச்சேன்."

"வச்சா ஏன் விழலை?"

"எனக்கென்ன தெரியும் சிஸ்டர்? அது தேங்க் யூன்னு சொல்லிச்சு. நானும் சரின்னு மாடிக்குப் போயிட்டேன்."

"அது சொன்னா ஆச்சா? ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விழணும்ல?"

பவுனுத்தாய் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப உள்ள இருக்கிற அந்தப் பொம்பளை பொய்யா சொல்லுது?"

செராபினுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இவள் உண்மையைத்தான் சொல்கிறாளா? விரலை வைக்காமலே பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டாளா? முகத்தைப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

"சிஸ்டர், எனக்குச் சீட்டைக் கிழிச்சிட்டா நான் காட்டு வேலைக்குத்தான் போகணும். போன அறுப்புல இவளை வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டிருந்தேன். தண்ணி குடிக்க வந்து பார்த்தா தூளிக்குக் கீழ பாம்பு கெடக்கு. கத்தக்கூட வாய் வரலை எனக்கு." குழந்தையின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இங்க தொட்டில்ல போட்ட பிறகுதான் சிஸ்டர் ராத்திரி தூங்குறேன்."

செராபின் பின்வாசலுக்கு எழுந்து போனார்.

தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். வயரைக் கழற்றி மாட்டினார். முனையைத் துடைத்துச் செருகிப் பார்த்தார். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி மெஷினுக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு மெஷினுக்கும் ஒரே எண் விழுந்து குழப்புகிறதோ என்று அதையும் பார்த்தார். வேறு வேறாகத்தான் இருந்தது. ஆபீஸுக்கு ஓடி, கம்ப்யூட்டரிலிருந்து பின்வாசல் மெஷினைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

பதில் இல்லை.

மறுபடி கூப்பிட்டார்.

பதில் இல்லை.

மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு தம்பி எடுத்தான்.

"சிஸ்டர், மெனுவுக்குள்ள போய் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. பிறந்த குழந்தை மாதிரி ஆயிடும். புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

"அழிச்சா பழசெல்லாம்?"

"பழசுதான் வரவே இல்லைன்னு சொல்றீங்களே சிஸ்டர். இல்லாததுக்கு என்ன கவலை?"

அதுவும் சரிதான் என்று பட்டது. மறுபடி பின்வாசலுக்கு ஓடினார். மெனுவுக்குள் போனார். 'எல்லாவற்றையும் அழிக்கவா?' என்று மெஷின் கேட்டது. 'ஆம்' என்ற இடத்துக்கு விரல் போய்விட்டது.

"சிஸ்டர், கொஞ்சம் பொறுங்க."

செராபின் 'இல்லை' என்று அழுத்திவிட்டுத் திரும்பினார். பின்னால் மதர் நின்றிருந்தார். பக்கத்தில் பவுனுத்தாய்.

"இதுதான் வயரா?" என்று மதர் கேட்டார்.

"ஆமா மதர். இது வழியாத்தான்..."

சொல்லி முடிக்கும் முன்னே மதர் மெஷினின் அடியில் கைவிட்டு நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டார். வயர் வெறுமனே தொங்கியது.

"மதர்! என்ன பண்றீங்க?"

"பவுனு, விரலை வை."

பவுனுத்தாய் ஒன்றும் புரியாமல் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தாள்.

"தேங்க் யூ" என்றது மெஷின்.

"என் விரலை வைக்கட்டுமா?" மதர் வைத்தார்.

"ப்ளீஸ் ட்ரை அகெய்ன்."

"என்னை அதுக்குத் தெரியலை" என்றார் மதர். பிறகு செராபின் பக்கம் திரும்பினார். "வயரே இல்ல. அப்புறம் இவளை எப்படிச் சிஸ்டர் அதுக்குத் தெரியுது?"

செராபின் தொங்கிய வயரைப் பார்த்தார். ஆளைத் தெரிந்துதான் நன்றி சொல்கிறது. அந்த அறிவு அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால்...

மறுபடி மெனுவுக்குள் போய், பதிவுகளைத் திறந்தார்.

பவுனுத்தாய். பவுனுத்தாய். பவுனுத்தாய்.

ஒரு நாள் விடாமல் இருந்தது. காலையில் வந்தது, சாயங்காலம் போனது, கடைசியாக இப்போது வைத்ததுவரை. அனுப்ப வழியில்லாமல் எல்லாவற்றையும் தன்னிடமே பத்திரமாக வைத்திருந்தது மெஷின்.

சற்று முன் 'ஆம்' மேல் போய் நின்ற விரலைச் செராபின் இன்னொரு கையால் மூடிக்கொண்டார். காப்பகத்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னாச்சு சிஸ்டர்?" என்று பவுனுத்தாய் பதறினாள்.

"ஒண்ணும் இல்லடி. நீ வந்திருக்கே."

"அதைத்தானே நான் அப்ப இருந்து சொல்றேன்!"

மதர் வயரைத் திரும்ப மாட்டினார். "இனி வழியைப் பார்ப்போம். இது எங்க போகுது?"

மூவரும் வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். வயர் காப்பகத்துச் சுவரோரமாகப் போனது, வராந்தாவைத் தாண்டியது, மடத்துக் கோயிலுக்குப் பின்னால், பூசை வைக்கும் சாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குள் நுழைந்தது. அங்கே உடுப்பு அலமாரியின் தலையில் ஒரு சின்னப் பெட்டி. பின்வாசல் வயரையும் ஆபீஸ் வயரையும் சேர்த்துவைக்கும் பெட்டி. வயர் போட வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. அதில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இதுக்குக் கரண்ட் எங்கேயிருந்து?" மதர் கேட்டார்.

செராபின் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரே ஒரு பிளக் பாயின்ட். பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. பாயின்டில் வேறொரு பிளக் இருந்தது. அதிலிருந்து போன வயர் ஜன்னல் வழியாக வெளியேறித் தோட்டத்துக் கெபிக்குப் போனது.

வெளியே, மாதாவின் தலைக்கு மேல் விளக்கு வளையம் நீலமும் வெள்ளையுமாக ஜொலித்துக்கொண்டிருந்தது.

செராபினுக்கு, விளக்கு ஏற்றிய அன்று சாயங்காலம் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, யாரோ விட்டுப்போன போன் சார்ஜர் என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டது நினைவுக்கு வந்தது.

"யாரு சிஸ்டர் விளக்கு ஏத்தினது?" பவுனுத்தாய் கேட்டாள்.

"நான்தான்."

"என்ன வேண்டுதல்?"

செராபின் மதரைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். குரல் கீழே போனது.

"மெஷின் நல்லா ஓடணும்னு."

மதருக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. வாயைப் பொத்திக்கொண்டும் நிற்கவில்லை. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, சிரித்தார். பவுனுத்தாய் சிரிக்கலாமா கூடாதா என்று பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளைக்கு என்ன விளங்கியதோ, கெக்கெக்கே என்று அதுவும் சேர்ந்துகொண்டது. கடைசியில் செராபினுக்கும் அடக்க முடியவில்லை.

விளக்கின் பிளக்கை எடுத்துவிட்டுப் பெட்டியின் பிளக்கைச் செருகினார். பெட்டியில் பச்சை விளக்குகள் பொட்டுப் பொட்டாகக் கண் திறந்தன.

ஆபீஸுக்கு மூவரும் ஓடினார்கள். கம்ப்யூட்டர் திரையில் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. சிவப்பாய் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாகக் கறுப்பாக மாறியது.

"ஏய், உங்கம்மா பேருடி! பாரு, உங்கம்மா பேரு!" பவுனுத்தாய் பிள்ளையைத் தூக்கித் திரைக்கு முன்னால் காட்டினாள். பிள்ளை திரையை நக்கப் பார்த்தது.

திரிகால ஜெப மணி அடித்தது. கணக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

பவுனுத்தாய் பின்வாசலுக்கு ஓடினாள். விரலை வைக்கும் சத்தமும், பின்னாலேயே அந்தப் பெண்குரலும் கேட்டன. "போயிட்டு வாரேன் தாயீ" என்று மெஷினுக்கே சொல்லிவிட்டுப் போனாள்.

செராபினும் மதரும் திரும்ப அந்த அறைக்கு வந்தார்கள். விளக்கின் பிளக் தரையில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கெபி மங்கலாகத் தெரிந்தது. செராபின் பிளக்கைக் கையில் எடுத்தார்.

"மதர், மெஷின் ஓடுது. அப்ப வேண்டுதல் பலிச்சிருச்சு. ஆனா வேண்டப் போய்த்தானே அது நின்னுச்சு? நான் வேண்டினது போய்ச் சேர்ந்துச்சா, சேரலையா?"

மதர் அந்தப் பிளக்கைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"நாளைக்குக் கடைக்குப் போகும்போது ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிட்டு வந்துடுங்க சிஸ்டர்."