பனிக்காலத்துப் பொரி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. குரு சொன்னதில் ஒரு சொல் இடம் மாறினாலும் கதை வேறாகிவிடும். எனக்கு வந்த வரைக்கும் சொல்கிறேன். பிசகினால் பிசகு என்னுடையது.

மலை மேல் ஒரு சிறிய மடம். மடத்துக்கு முன்னால் குளம். குளத்தில் கெண்டை மீன்கள். அங்கே வேண்டிக்கொள்கிறவர்கள் குளத்தில் பொரி போடுவார்கள். மீன் வாய் வைத்தால் வேண்டுதல் போய்ச் சேர்ந்ததாக நம்பிக்கை.

மீன்களைக் கவனிக்கும் வேலை தெய்வானைக்கு. புருஷன் போன பிறகு தம்பி வீட்டில் இருந்தவள். தம்பி மனைவியின் பேச்சு தாங்காமல் மடத்துக்கு வந்து சிஷ்யை ஆனாள். குரு அவளைவிட வயதில் இளையவர். தெய்வானை அவரை அம்மா என்பாள். அவர் தெய்வானையை அக்கா என்பார்.

மார்கழியில் உறைபனி விழுந்தது. மீன்கள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. பொரி போட்டால் மேலே வரவில்லை. தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை. தவிட்டைப் பிசைந்து உருண்டையாக்கி, மீன் படுத்திருக்கும் இடம் பார்த்துப் போட்டாள். காலையில் போட்டாள், மதியம் போட்டாள், மனசு கேட்காமல் சாயங்காலமும் போட்டாள்.

ஒரு மீன் செத்து மிதந்தது.

அதைக் கையில் ஏந்திக்கொண்டு குருவிடம் ஓடினாள். குரு இருமிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"பட்டினியில செத்துப்போச்சுங்கம்மா."

"வயித்தைப் பாருங்க."

வயிறு உப்பிப் புடைத்திருந்தது.

"பட்டினின்னா ஒட்டியில்ல இருக்கணும்?" என்றார் குரு.

"அப்ப குளிருதாங்க? ஒரு அண்டா வெந்நீர் போட்டு ஊத்தட்டுங்களா?"

"குளத்துக்கா? அப்படியே சீயக்காயும் எடுத்துட்டு வாங்க."

தெய்வானைக்குச் சிரிப்பு வரவில்லை. குரு மெதுவாக எழுந்து அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். அவள் வலது கையைப் பிடித்து, முழங்கை வரைக்கும் தண்ணீரில் வைத்தார். விடவில்லை. தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கு?"

"மரத்துப்போச்சுங்க. கை என்னுதாவே இல்ல."

குரு அவளை அடுப்படிக்குக் கூட்டிவந்து ஒரு தட்டில் சோறும் ரசமும் போட்டார்.

"பிசைஞ்சு சாப்பிடுங்க."

விரல் மடங்கவில்லை. சோறு மடியில் சிந்தியது.

"வெளிய இருக்கிற கைக்கே இப்படி," என்றார் குரு. "மீனுக்கு உள்ள இருக்கிற வயிறே மரத்துக் கிடக்கு, போட்டது எப்படிச் செரிக்கும்?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"ஒண்ணும் போடாதீங்க. அழுகின தவிட்டை மட்டும் வாரி வெளிய கொட்டுங்க."

"சும்மா இருந்து, எல்லாம் செத்துப்போனா? நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு என்னைத்தானே கேப்பாங்க? வெளிய போன்னு சொன்னா நான் எங்க போவேன்?"

"அக்கா, அந்தத் தவிடு மீனுக்குப் போட்டதா, கேக்கப்போறவங்களுக்குப் போட்டதா?"

தெய்வானை மடியில் சிந்திய சோற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

அதன் பிறகு அவள் எதுவும் போடவில்லை. அடியில் கிடந்ததை மட்டும் வலையால் வாரினாள். மீன்கள் அசையாமல் கிடந்தன. எது உயிர், எது சவம் என்று தெரியாமல் நாள் பூராவும் குனிந்து பார்த்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது.

தை பிறக்கும் முன் திருமலைச்சாமி வந்தார். கீழே மேட்டுப்பாளையத்தில் சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். மடத்துக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவர். மகனின் ஒடிந்த கால் கூடிவிட்டது என்று ஒரு மூட்டை பொரியோடு வந்திருந்தார்.

தெய்வானை படியில் குறுக்கே நின்றாள்.

"வேண்டாங்க. இப்பப் போட்டா அதுங்களுக்குச் செரிக்காதுங்க."

"ஏம்மா, மீன் உன்கிட்ட வந்து சொல்லுச்சா? என் பையன் கால் கூடியிருக்கு, வேண்டுதலை நிறுத்தச் சொல்றியா?"

"நிறுத்த வேண்டாங்க. பனி போகட்டும், வந்து போடுங்க."

"நீ மட்டும் மூணு வேளை திங்கிற. மீனைப் பட்டினி போடறதுக்குத்தான் உனக்கு இங்க சோறா? அடுத்த தடவை நான் வர்றப்ப நீ இங்க இருக்கமாட்ட, பாத்துக்க."

மூட்டையை ஜீப்பில் எறிந்துவிட்டுப் போனார்.

தெய்வானை நேராக உள்ளே போய்த் தன் சாமான்களை மூட்டை கட்டினாள். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, குரு குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கக்கா?"

"அவரு சொல்லி நீங்க அனுப்பறதுக்கு முந்தி, நானே போயிடறேங்கம்மா. தம்பி வீட்டுக்கு."

"அங்க பேச்சு நின்னுடுச்சா?"

"எங்கீங்க நிக்கும்."

குரு தண்ணீரைப் பார்த்தார். அடியில் ஒரு மீனின் செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

"மூட்டையில கம்பளி இருக்கா?"

"இருக்குங்க."

"இவ்வளவு குளிர்லயும் அதுங்க குளத்தை விட்டுப் போகலையேக்கா. அடங்கித்தானே கிடக்கு."

தெய்வானை தண்ணீரைக் குனிந்து பார்த்தாள். பிறகு மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, குருவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.