மகாராணி கத்தவில்லை

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் மெர்லின். கோவை வடவள்ளியில் நாய், பூனைகளுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டிவிடும் கடை வைத்திருந்தாள். நீள முடி வளரும் கினிப்பன்றிகளைப் பராமரிப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கம் ஆள் இல்லை. சீடர் தணிகாசலம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்தாறு வருடம் ஊருக்கே பாடம் சொன்னவர், மாதம் ஒருமுறை அவளிடம் பாடம் கேட்க வருவார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அது பிடிக்காது. அவர் விடமாட்டார்.

அவர் வளர்த்த கினிப்பன்றிக்குப் பெயர் மகாராணி. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, ஓரடி நீளத்துக்கு வெள்ளை முடி. முகம் எந்தப் பக்கம் என்று புதிதாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அழுக்குப் படக்கூடாதென்று முடியைப் பிரித்துப் பிரித்துக் காகிதத்தில் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு வைப்பார். தினமும் அவிழ்த்து, சீவி, மறுபடி கட்ட வேண்டும். பதினோரு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கினிப்பன்றிகளுக்கான அழகுப் போட்டி. முதல் பரிசு வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். மனிதர் முடிவு செய்தால் செய்ததுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூடையோடு வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகமுங்க. பின்பக்கத்து முடியில மினுமினுப்பு பத்தலை. என்ன பண்ணலாம்?"

"அங்க சீவ விடறாளா சார்?"

"முன்னெல்லாம் சீப்பைக் கொண்டுபோனாலே வீடு ரெண்டுபடும். நான் விடுவேனா? எத்தனை அடங்காப்பிடாரிகளைப் பார்த்தவன்! இறுக்கிப் பிடிச்சு, தினமும் சீவினேன். இப்பப் பாருங்க, மூச்சு விடறதில்லை. அடியாத மாடு படியாதும்பாங்க. நான் அடிக்கக்கூட இல்லை."

மெர்லின் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"எப்ப இருந்து கத்தறதில்லை?"

"செவ்வாய்க்கிழமைல இருந்து. ஏனுங்க?"

"சாப்பிடறாளா?"

"கொஞ்சம் கம்மிதான். நேத்து ரொம்பக் கம்மி. போட்டி பயமோ என்னவோ."

போட்டி பயம் மகாராணிக்கு ஏது? அது அவருக்குத்தான் இருந்தது.

மெர்லின் மகாராணியை எடுத்து மடியில் மல்லாத்தினாள். பின்பக்கத்துக் காகிதச் சுருளை அவிழ்த்தாள். மேல்முடி பட்டாகத்தான் இருந்தது. அடிமுடி ஈரத்தில் நாறி, கட்டியாகத் திரண்டு தோலோடு ஒட்டியிருந்தது. கட்டியின் ஓரத்தில் தோல் புண்ணாகிச் சிவந்து கிடந்தது. சீப்பு ஒவ்வொரு முறையும் அங்கேதான் இழுத்திருக்கிறது.

தணிகாசலம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"போட்டியில மேல இருந்துதான் பார்ப்பாங்க" என்றார் கடைசியில். "அதனால நானும் மேலயே பார்த்துட்டேன்."

"வெட்டணும் சார். வெட்டின கையோட டாக்டர்கிட்டப் போகணும். இதுங்க ஒரு நாள் சாப்பிடாம இருந்தாலே ஆபத்து."

"எல்லாத்தையுமா?"

"ஒரு விரல்கடை விட்டுட்டு எல்லாத்தையும்."

"பதினோரு மாசம், குருவே."

"ஆமா. நான் வெட்டட்டுமா, நீங்க வெட்டறீங்களா?"

அவர் மகாராணியைப் பார்த்தார். அது அவரைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை.

"கட்டினது நான். குடுங்க."

மெர்லின் தோலை இரண்டு விரலால் விரித்துப் பிடித்தாள். அவர் முடிவெட்டும் மெஷினை வைத்தார். கண்ணில் தண்ணீர் வந்து மூக்குக் கண்ணாடி மங்கியது. துடைத்துக்கொண்டு வெட்டினார். புண்ணுக்குப் பக்கத்தில் போகும்போதும் மகாராணி சத்தம் போடவில்லை. அந்த மௌனத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"கத்தேன் சாமி" என்றார். "ஒரு தரம் கத்திடேன்."

டாக்டர் மருந்து கொடுத்தார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, ஊட்டிப் பாருங்கள் என்றார். தணிகாசலம் ஊட்டினார். மூன்று மணி நேரத்துக்கொரு தரம், பள்ளிக்கூட மணி அடித்ததுபோல, ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். வெள்ளிக்கிழமை பாதி வெளியே வழிந்தது. சனிக்கிழமை விழுங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கொத்தமல்லித் தண்டைத் தானே இழுத்துக் கடித்தது.

போட்டி தொடங்கும் நேரத்துக்கு அவர் மெர்லினின் கடையில் இருந்தார். புண் காய்ந்திருந்தது. மிச்சமிருந்த குட்டை முடியை எப்படிச் சீவுவது என்று அவள் செய்துகாட்டினாள். வேரை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீவ வேண்டும். இழுப்பு விரலோடு நின்றுவிடும்.

அவர் சீப்பை வாங்கிக்கொண்டார். முதுகில் சீவினார். விலாவில் சீவினார். பின்பக்கத்துக்கு வந்தார்.

கீச்சென்று ஒரு கத்தல். கடையிலிருந்த இரண்டு நாய்களும் திரும்பிப் பார்த்தன.

தணிகாசலத்தின் கை அப்படியே நின்றது. முகமெல்லாம் சிரிப்பு.

"குருவே! கத்திட்டா! கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

சீப்பு மீண்டும் பட்டதும் மகாராணி மறுபடியும் கத்தியது. இந்த முறை இன்னும் நீளமாக. அவருக்குச் சிரிப்பு அடங்கிக் குழப்பம் வந்தது. சீப்பைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.

"இப்ப நான் என்னங்க பண்ணட்டும்? சீவறதா, விட்டுடறதா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

மெர்லின் ஒரு நாய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"என்னை எதுக்கு சார் கேக்கறீங்க? அவதான் சொல்லிட்டிருக்காளே."