அன்னாசி எசன்ஸ்

ஐஸ் வண்டி தள்ளி ஓய்ந்த சௌந்தரபாண்டி, விருதுநகரில் எசன்ஸ் காய்ச்சும் மரகதவல்லியிடம் தொழில் கற்கப் போய்ச் சேர்ந்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வாசனை.

மனைவி செல்லத்தாய் ஐஸுக்குக் கலந்த அன்னாசி எசன்ஸ், ஒரு புட்டியின் அடியில் மிச்சமிருந்தது. அவள் போன நாளிலிருந்து அதைத் திறந்து முகராமல் அவர் படுத்ததில்லை. ஒருநாள் அதைக் கொண்டுவந்து குருவின் முன் வைத்தார்.

"புளிச்ச நாத்தம் அடிக்குது டீச்சர். அவ வாசனை எங்க போச்சு?"

மரகதவல்லி முகர்ந்தார். "தண்ணி ஊத்தினீங்களா?"

"திறக்கத் திறக்கக் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தீந்துறக் கூடாதேன்னு அப்பப்போ ஊத்தி வச்சேன்."

 குரு அலமாரியிலிருந்து ஓர் அமிலப் புட்டியை எடுத்துத் திறந்து நீட்டினார். ஊசிப்போன வெண்ணெய், குழந்தை கக்கிய பால். சௌந்தரபாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இதே நாத்தம்தான்!"

குரு அடுத்த புட்டியைத் திறந்தார். சாராய நெடி மூக்கை எரித்தது.

"எது வேணும் அண்ணாச்சி?"

"ரெண்டும் வேணாம். எங்க வீட்டுக் கதையாவுல்ல இருக்கு. என் வாய் ஊசிப்போன வெண்ணெய்ன்னு அவ சொல்லுவா. அவ கோபம் இந்த எரிச்சலேதான்."

குரு சிரித்தார். இரண்டையும் ஒரு குடுவையில் ஊற்றினார். வேறோர் அமிலத்தில் சில சொட்டு விட்டு, வெந்நீரில் வைத்துக் காய்ச்சினார்.

மெல்ல எழுந்தது வாசனை. பள்ளிக்கூட மத்தியான மணி. ஈரக் கையோடு ஐஸ் அச்சைத் தட்டிக்கொண்டே அவரைத் திட்டும் செல்லத்தாய். திட்டும்போதே வந்துவிடும் சிரிப்பு.

சௌந்தரபாண்டி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுதான் டீச்சர். இப்ப அந்த நாத்தம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. தண்ணியில நாள்பட்டுக் கிடந்தா மறுபடி பிரிஞ்சிரும்."

கழுவி வடித்து, ஒரு சின்னப் புட்டியில் நிரப்பிக் கொடுத்தார். சௌந்தரபாண்டி அதை இறுக்கி மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குரு கை நீட்டி அதைத் திரும்ப வாங்கினார். ஒரு குடம் சர்க்கரைத் தண்ணீரில் ஒரே ஒரு சொட்டு விட்டார். அறையெல்லாம் அன்னாசி. ஒரு டம்ளர் மொண்டு நீட்டினார்.

"குடிங்க."

"இப்படிச் செலவழிச்சா தீந்துருமே டீச்சர்."

"தீரட்டும் அண்ணாச்சி. நாத்தமும் எரிச்சலும் அலமாரியிலதான் இருக்கு."