மூடிக்கு உள்பக்கம்

“மூடிட்டா எவன் பாக்கப் போறான்? உள்ள எதுக்கும்மா பேரு?”

தண்டபாணி கேட்டாரு. கேட்டாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. கத்துனாரு.

முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பாத்த மனுசன். டிவிய இப்ப எவனும் ரிப்பேருக்குத் தூக்கிட்டு வர்றதில்ல. அதனால அம்பத்திநாலு வயசுல, நிலோஃபர்கிட்ட லேப்டாப் வேலை கத்துக்க வந்தாரு. நிலோஃபருக்கு வயசு முப்பத்தொண்ணு.

அவங்க கடையில ஒரே சட்டம். வேலை பாத்தவங்க, அடிமூடியப் பூட்டுறதுக்கு முன்ன அதோட உள்பக்கம் மார்க்கர்ல பேரு எழுதணும்.

தண்டபாணி முன்னாடி ஒரு லேப்டாப் திறந்து கெடந்துச்சு. கீபோர்டுல இருந்து வர்ற பட்டை ஒயரு, அதான் ஸ்ட்ரிப்பு; அதக் கனெக்டர்ல புடிச்சிருக்கற லாக்கு, நகத்துண்டு அளவு பிளாஸ்டிக். அத மேல தூக்கணும். இவரு இழுத்துட்டாரு. ஒடஞ்சிருச்சு. ஸ்ட்ரிப்பச் செருகி, மேல டேப்ப ஒட்டிட்டாரு.

வெளிய பெஞ்சுல லேப்டாப்காரரு காலாட்டிட்டு இருந்தாரு. கோர்ட்ல டைப் அடிக்கறவரு.

தண்டபாணி அவரக் காட்டிச் சொன்னாரு. “எல்லா எழுத்தும் விழுது. புது கனெக்டர் வெக்கணும்னா ரெண்டு நாளாகும். அந்தாளு என்னை உரிச்சிருவான்.”

“சரிண்ணே. பேர எழுதிட்டு மூடுங்க.”

“நாளைக்கு டேப்பு விட்டா நான் மாட்டணுமா?”

நிலோஃபர் இன்னொரு லேப்டாப்ப எடுத்து அவர் முன்னாடி வெச்சாங்க.

“காலைல வந்தது. பாதி எழுத்து விழல. பாருங்க.”

கழட்டுனாரு.

ஒடஞ்ச லாக்கு. மேல டேப்பு. சூட்டுல பசை உருகி உள்ள எறங்கி, கனெக்டரே கருப்பாப் போயிருந்துச்சு.

“எந்த நாசமாப்போனவன்மா இது! இவனையெல்லாம் யாரு ஸ்க்ரூ டிரைவரத் தொட விட்டா? பேரு இருக்கா?”

“தேடுங்க.”

திருப்பிப் பாத்தாரு. டார்ச் அடிச்சுப் பாத்தாரு.

“இல்ல! எப்படி எழுதுவான்? திருட்டுப் பய!”

“இன்னும் நாலு திட்டு திட்டுங்க.”

திட்டுனாரு. டிவி மெக்கானிக்குங்க அகராதி கொஞ்சம் பெருசு.

அவரு மூச்சு வாங்க நிறுத்துனப்ப நிலோஃபர் சொன்னாங்க.

“நான்தான்ணே. ஏழு வருஷத்துக்கு முன்ன.”

சொல்லிட்டு மார்க்கர அவர் கையில குடுத்தாங்க.

வெளிய இருந்து சத்தம் வந்துச்சு. “என்னய்யா, முடிஞ்சுதா இல்லையா?”

தண்டபாணி மார்க்கரத் திறந்தாரு. மூடுனாரு.

தான் ஒட்டுன டேப்போட ஓரத்த நகத்தால கெளப்புனாரு.

“சார், உள்ள வாங்க. கத்துறதுன்னா இங்க வந்து கத்துங்க.”